சிறைவீடும் கறைவீடும்

சிலப்பதிகாரம் என்றவுடன் வழக்குரை காதையும், மணிமேகலை என்றவுடன் அமுதசுரபியும் மாணவர் உள்ளத்தில் தோன்றுவது இயல்பு. ஆயின், இவ்விரட்டைக் காப்பியங்களிலும் சிறைச்சாலை பற்றிய பகுதி ஒவ்வொன்று உண்டு. அவற்றை அருகருகே வைத்து நோக்கினால், இக்காலக் கல்வியுலகின் சிக்கலொன்று தெளிவாகப் புலப்படும்.

மணிமேகலையின் பத்தொன்பதாம் காதை 'சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை' எனப் பெயர் பெறும். காயசண்டிகை வடிவில் சிறைக்கோட்டம் புகுந்த மணிமேகலை, அங்குப் பசியால் வாடுவோர்க்கு உணவளிக்கிறாள். சோழ மன்னன் அவள் விருப்பத்தை வினவ, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்க வேண்டுகிறாள். அடுத்த காதையில் அவ்விடம் புத்தன் கோயிலும், அறவோர் பள்ளியும், அட்டிற்சாலையும், உண்போர் சாலையுமாகக் காட்சியளிக்கிறது. தீப்பிறப்பில் உழன்றோர் நற்பிறப்பு எய்தியது போன்றது அம்மாற்றம் என்று உவமை கூறுகிறார் சாத்தனார். அழகிய உவமைதான், ஆயினும் அது கட்டடத்திற்கே உரியதாயிற்று. உள்ளிருந்த மாந்தர் பின்னர் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதைக் காப்பியம் விரித்துரைக்கவில்லை. இடம் மாறினால் மனிதன் வாழ்வும் மாறிவிடும் என்ற நம்பிக்கையே அங்கு மேலோங்கி நிற்கிறது.

இளங்கோவடிகளின் பார்வை வேறு. கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு வார்த்திகன் வரலாற்றைக் கூறுகிறது. அரசுக்குரிய புதையலைக் கவர்ந்தான் என்று பொய்ப்பழி சுமத்தி அவனை அரச ஏவலர் சிறையிலிட்டனர். அவன் மனைவி கார்த்திகை கதறி அழுதாள். ஐயை கோயிற் கதவு திறவாதாயிற்று. உண்மை உணர்ந்த பாண்டியன் வார்த்திகனிடம் பிழை பொறுக்க வேண்டி, அவனுக்குத் திருத்தங்காலையும் வயலூரையும் அளித்தான். அத்துடன் நிற்கவில்லை. நாடெங்கும் சிறைகள் திறக்கப்பட வேண்டும் என்றும், வரிக்கடன் பட்டோர் அக்கடனிலிருந்து விடுபட வேண்டும் என்றும் ஒருசேர ஆணையிட்டான். 'கறை' என்பது வரியைக் குறிக்கும் பழஞ்சொல். சிறைவீடும் கறைவீடும் ஒரே ஆணையில் இணைந்திருப்பதே இப்பகுதியின் உயிர்நிலை. கடன் நீங்காதவனுக்குச் சிறைக்கதவு திறந்தும் பயன் சிறிதே என்பதை இளங்கோ உணர்ந்திருந்தார் எனலாம்.

அமெரிக்க நாட்டு நிகழ்வு இதற்குச் சான்றாகும். வறியோர் கல்லூரியில் பயில அந்நாட்டரசு வழங்கும் பெல் உதவித்தொகை, 1994ஆம் ஆண்டுச் சட்டத்தால் கைதிகளுக்கு மறுக்கப்பட்டது. 2023 சூலை முதல் நாள் தொட்டு, ஏற்பளிக்கப்பட்ட சிறைக்கல்வித் திட்டங்களில் சேர்வோர்க்கு அது மீண்டும் கிடைக்கலாயிற்று. சிறைக்கோட்டம் அறக்கோட்டமாயிற்று! ஆயின், முன்னர்ப் பெற்ற அரசுக் கல்விக் கடனைத் திருப்பிச் செலுத்தத் தவறியவர், அந்நிலையைச் சரிசெய்யும் வரை உதவித்தொகை பெற இயலாது. சிறையில் அவர் பெறும் கூலி, மணிக்குச் சில காசுகள். சில மாநிலங்களில் அதுவும் இல்லை. இவர்களுக்காக 2022இல் அறிவிக்கப்பட்ட 'புதுத்தொடக்கம்' என்னும் சலுகையும் 2024இல் முடிவுற்றது. சாத்தனாரின் கனவு நிறைவேறியது. இளங்கோவின் ஆணை நிறைவேறவில்லை.

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வளர்ந்த மாணவனுக்கு இச்செய்தி அயலாருடையது அன்று. மலாயாவில் 1910இல் ஒப்பந்தக் கூலிமுறை ஒழியும்வரை, கப்பற்செலவும் முன்பணமும் தொழிலாளியின் தலையில் கடனாக ஏறின. ஒப்பந்தம் முடியுமுன் தோட்டத்தை விட்டோடியவன் சிறைபுக நேர்ந்தது. கடனும் சிறையும் இரட்டைப் பிள்ளைகள் என்பதை ரந்தாவ், லிங்கி, சிலியாவ் வட்டாரப் பால்மரக் காடுகளில் உழைத்தோரின் வழித்தோன்றல்களுக்கு நூல்வழிச் சொல்ல வேண்டுவதில்லை. இன்று அவர்தம் பேரப்பிள்ளைகள் பலர், 1997ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய உயர்கல்வி நிதிக் கழகத்தின் கடனைக் கொண்டே பல்கலைக்கழகம் புகுகின்றனர். காஜாங் சிறையிலிருந்தவாறே பட்டம் பெற்றோரும் இந்நாட்டில் உளர். ஆகவே, கடனும் கல்வியும் சிறையும் ஒருவன் வாழ்வில் சந்திப்பது இங்கும் நிகழக்கூடியதே.

வாங்கிய கடனைத் திருப்பித் தராதவனுக்கு மேலும் உதவுவது, நேர்மையாகச் செலுத்தியவனுக்கு இழைக்கும் அநீதியன்றோ என்று வினவலாம். வினா நியாயமானதே. பாண்டியன் நீக்கியது வரிக்கடன். அதுவும் தன் ஆட்சியின் பிழையை உணர்ந்தபின் நீக்கியது. கல்விக் கடனோ ஒருவன் மனமுவந்து பெற்றது. இவ்வேறுபாட்டை மறைத்து ஒப்பிடுதல் திறனாய்வு ஆகாது. எனினும், கடனை அடைக்கும் ஆற்றலைத் தருவதே கல்வி. கடனைக் காட்டி அக்கல்வியைத் தடுப்பது, கன்றைக் கட்டிவைத்துவிட்டுப் பசு கறக்கவில்லை என்று நோவதை ஒக்கும். கடனைத் தள்ளுபடி செய்ய வேண்டுவதில்லை. படித்து முடித்து வெளிவந்து ஈட்டும்வரை தள்ளிவைத்தாலே போதும்.

தமிழாசிரியர் இவ்விரு பகுதிகளையும் ஒரே பாடமாகக் கற்பித்தல் நன்று. மணிமேகலை மாணவனுக்கு இரக்கத்தைக் கற்பிக்கும். சிலம்பு, அவ்விரக்கம் ஆணையாக மாறும்பொழுது எதனை மறவாதிருக்க வேண்டும் என்பதைக் கற்பிக்கும்.