குறுக்கே பேசுகிறவர்கள்

காதல் காட்சி வந்தால் பேச்சு அடங்கி வயலின் எழும். சினிமாவில் அது ஊறிப்போன பழக்கம். 1930களின் ஹாலிவுட் ஸ்க்ரூபால் காமெடிகளிலோ காதலர்கள் ஓயாமல் சண்டை போடுகிறார்கள். அவர்கள் சண்டையை நிறுத்தினால்தான் நமக்குக் கவலை வருகிறது.

இதில் தணிக்கைக்கும் பங்குண்டு. 1934 நடுவில் தணிக்கைப் பொறுப்பாளர் ஜோசப் பிரீனின் கையில் விதிகள் இறுகின. அதற்குச் சில மாதம் முன்பே ஃபிராங்க் காப்ரா, 'இட் ஹேப்பண்ட் ஒன் நைட்' படத்தில் கிளார்க் கேபிளுக்கும் கிளாடெட் கோல்பெர்ட்டுக்கும் நடுவே கயிறு கட்டிப் போர்வையைத் தொங்கவிட்டிருந்தார். இருட்டில் ஆளுக்கொரு பக்கம் படுத்துக்கொண்டு இருவரும் பேசுகிறார்கள். தொடாமல் நெருங்குவது எப்படி என்று பின்னால் வந்தவர்களுக்கு அந்தப் போர்வை கற்றுக்கொடுத்தது.

என் கணக்கில் இந்த வகையின் உச்சம் ஹோவார்ட் ஹாக்ஸின் 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே' (1940). சிறுத்தையை வைத்து அவர் 1938இல் எடுத்த 'பிரிங்கிங் அப் பேபி'யைச் சொல்கிறவர்கள் உண்டு. அதில் கூத்து அதிகம், காதல் ஒரு மாற்றுக் குறைவு. 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே'க்கு மூலம், பென் ஹெக்ட்டும் சார்லஸ் மெக்ஆர்தரும் எழுதி 1928இல் மேடையேறிய 'தி ஃப்ரண்ட் பேஜ்'. அதில் பத்திரிகை ஆசிரியரும் ஆண், நிருபரும் ஆண். ஹாக்ஸ் நிருபரைப் பெண்ணாக்கினார், போதாததற்கு ஆசிரியரின் முன்னாள் மனைவியுமாக்கினார். அந்த ஒரு மாற்றத்தில் அலுவலகச் சண்டை அத்தனையும் ஊடலாகிவிட்டது.

ஹில்டியாக ரோசலிண்ட் ரஸ்ஸல், வால்ட்டராக கேரி கிரான்ட். மறுமணம் செய்துகொள்ளப்போகிறேன் என்று சொல்ல அவள் வருகிறாள்; அவன் சொல்லவிட்டால்தானே? ஒருவர் வாக்கியம் முடியுமுன் மற்றவர் பாய்கிறார். இதற்கென்றே வசனத்தின் தலையிலும் வாலிலும் தேவையில்லாத சில சொற்களைச் சேர்த்து எழுதவைத்ததாக ஹாக்ஸ் சொல்லியிருக்கிறார். மோதலில் நசுங்குவது அந்த உபரிச் சொற்கள்தான். விஷயம் தப்பித்து நம் காதுக்கு வந்துவிடும். ரஸ்ஸலோ ஒரு படி மேலே போய், கிரான்ட்டுக்கு ஈடுகொடுக்கத் தன் சொந்தக் காசில் ஒரு விளம்பர எழுத்தாளரை வைத்துப் பதிலடிகள் எழுதி வாங்கிக்கொண்டார். அந்தப் போட்டியின் சூடு திரையில் தெரிகிறது.

மாப்பிள்ளை புரூஸ், ஆல்பனி ஊர் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். நடித்தவர் ரால்ஃப் பெல்லமி. 'தி ஆஃபுல் ட்ரூத்' (1937) படத்திலும் இதே கிரான்ட்டிடம் பெண்ணைப் பறிகொடுத்த புண்ணியவான். புரூஸ் எப்படி இருப்பான் என்று கேட்டால், நடிகர் ரால்ஃப் பெல்லமி மாதிரி இருப்பான் என்கிறான் வால்ட்டர்! ஆனால் படத்தின் நுட்பம் இந்தக் குறும்பில் இல்லை. புரூஸ் பேசும்போது ஹில்டி குறுக்கிடுவதே இல்லை. அவன் முடிக்கும்வரை அன்பாக, பொறுமையாகக் கேட்கிறாள். இந்தக் கல்யாணம் நடக்காது என்று முதல் காட்சியிலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது. ஓட்டலில் வால்ட்டரின் பேச்சு எல்லை மீறும்போதோ, மேசைக்கடியில் அவன் காலுக்கு உதை விழுகிறது. அத்தனை உரிமை புரூஸுக்குக் கிடைக்கவில்லை.

இவ்வளவு இரைச்சலுக்கு நடுவே ஓரிடத்தில் பேச்சு நிற்கிறது. தூக்குத் தண்டனைக்குக் காத்திருக்கும் எர்ல் வில்லியம்ஸுக்காக மாலி என்ற பெண், பத்திரிகையாளர் அறைக்கு வந்து கதறுகிறாள். நிருபர்கள் சீட்டாடிக்கொண்டே கிண்டலடிக்கிறார்கள். ஹில்டி அவளை அணைத்து வெளியே அழைத்துப் போனதும், வாயாடி ஆண்கள் ஒருவருக்கும் பேச வரவில்லை. வேறு இயக்குநராக இருந்தால் இங்கே சோக இசை வைத்திருப்பார்.

முடிவில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. வால்ட்டர் தன்னை உண்மையாகவே போகச் சொல்லிவிட்டான் என்று நினைத்து ஹில்டி அழுகிறாள். அவ்வளவு கெட்டிக்காரியை அழவைத்துத்தானா காதலை ஒப்புக்கொள்ளவைக்க வேண்டும்? தேனிலவுக்குப் போகும் வழியில் ஆல்பனியில் ஒரு வேலைநிறுத்தச் செய்தி. வால்ட்டர் முன்னால் ஓடுகிறான், பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் வருகிறாள். பெட்டியை வாங்கிக்கொள்ள அவனுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் அவன் வால்ட்டராக இருக்க மாட்டான், புரூஸாகியிருப்பான். ஹில்டிக்கும் அது தெரியும்.