சலித்தெடுத்த சான்றுகள்

கண்டதாக உணராத காட்சியையும் மூளை ஓரளவு கையாளுகிறது. முதன்மைப் பார்வைப் புறணி பழுதுபட்ட நோயாளி, தமக்குத் தெரியாத பக்கத்தில் தோன்றும் ஒளியின் இடத்தைச் சரியாகச் சுட்டுவதை 1970-களில் லாரன்ஸ் வைஸ்க்ரான்ட்ஸ் காட்டினார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி.எஸ். இராமச்சந்திரன், 1998-இல் வெளிவந்த நூலில் இதைப் பொது வாசகர்களுக்கு விளக்கினார். இதுவரை மறுப்புக்கு இடமில்லை. அரியமங்கலம் வழியே தஞ்சாவூர்ச் சாலையில் பேருந்தில் போகிறவர் கவனிக்காமல் விட்ட விளம்பரப் பலகை இதில் சேராது. அது கவனமின்மை. இங்கே கேள்வி, உற்று நோக்கியும் தெரியாத காட்சியைப் பற்றியது.

சிக்கல் அடுத்த படியில் தொடங்குகிறது. 2012-இல் ஸ்க்லார், ஹாசின் குழுவினர் ஒரு கண்ணுக்கு விரைந்து மாறும் வண்ணக் கட்டங்களைக் காட்டி, மறு கண்ணுக்குக் காட்டிய கணக்கை மறைத்தனர். தெரியாத கணக்குக்கும் மனம் விடை காண்கிறது என்றனர். நனவு செய்யும் அடிப்படை வேலைகள் அனைத்தையும் நனவிலியும் செய்யும் என்று 2013-இல் ஹாசின் வாதிட்டார்.

இத்தகைய ஆய்வுகளின் பெருங்குறை, ஆள்களைச் சலித்தெடுக்கும் முறை. சோதனை முடிந்தபின் ஒவ்வொருவருக்கும் காட்சி தெரிந்ததா என்று தேர்வு வைக்கிறார்கள். ஊகத்துக்கு மேல் மதிப்பெண் பெற்றவர்களை நீக்கிவிட்டு, மிஞ்சியவர்களை ‘காணாதவர்கள்’ என்கிறார்கள். இரண்டில் ஒன்றைச் சொல்லும் தேர்வில் உண்மையில் நூற்றுக்கு 56 சரியாகச் சொல்லக்கூடியவரை எடுத்துக்கொள்வோம். 50 வினாக்களில் அவர் 25-ஐத் தாண்டாமல் போக ஏறத்தாழ நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. ஓரளவு கண்டவர், அன்றைய தற்செயலால் காணாதவராகப் பதிவாகிறார். கண்ட கண்ணின் வேலை நனவிலியின் கணக்கில் ஏறுகிறது. மறுமுறை சோதித்தால் அவர் மதிப்பெண் பெரும்பாலும் அவரது உண்மை நிலையை நோக்கித் திரும்பும். டேவிட் ஷாங்க்ஸ் 2017-இல் இந்தப் பொறியை விரிவாக அம்பலப்படுத்தினார். மூர்ஸும் ஹெஸல்மனும் 2018-இல் அந்தக் கணக்குத் தரவுகளையே மறுபகுப்பாய்வு செய்து, சான்று வலுவற்றது என்றனர்.

நீக்கப்பட்டோர் சிலரே என்ற சமாதானம் செல்லாது. பிழை இருப்பது நீக்கப்பட்டவர்களிடம் அல்ல, தங்கியவர்களிடம். விளைவே மிகச் சிறியது எனும்போது, பாதி கண்ட இரண்டொருவர் போதும் அதை உண்டாக்க. குறுந்தேர்வில் தோற்றதைக் காணாமைக்குச் சான்றாக ஏற்பது அறிவியல் ஒழுங்கே அல்ல.

ஆள்களை நீக்காமல் அனைவரின் தரவையும் வெளியிட வேண்டும். தெரிந்ததா என்னும் தேர்வில் வினாக்களைப் பெருக்க வேண்டும். அது நடக்கும்வரை, பார்க்காமலே கணக்குப் போடும் மூளைக்கு உளவியல் பாடநூலில் இடம் தரக்கூடாது.