சாயத்தண்ணிக்கு யாரைக் கேட்பது?

ஆரணியில் பட்டு நூலை சோப்பு, சோடா போட்டு வேகவைத்துப் பசை எடுத்த பிறகுதான் சாயம் ஏற்றுவார்கள். இரண்டு வேலையிலும் கழிவுநீர் மிஞ்சும். அதைக் குறைக்க அரசு உதவி இல்லாமல் இல்லை, சிதறிக் கிடக்கு. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு 2013ல் திட்டம் கொண்டுவந்தது ஜவுளி அமைச்சகம். 'செட்' சான்றிதழ் கட்டணத்தில் குறுந்தொழிலுக்கு 80% மானியம் தருவது சிறுதொழில் அமைச்சகம். அனுமதி தருவதோ மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்.

என் குறை இதுதான்: பட்டியல்கள் எல்லாம் துறைவாரியா இருக்கு. பட்டறைக்காரர் கேட்பது துறையை இல்லை, "தண்ணியக் குறைக்க யாரைப் பார்க்கணும்?" என்றுதான். அமெரிக்காவில் 1990 மாசுத் தடுப்புச் சட்டமே இத்தகைய தகவலை ஓரிடத்தில் திரட்டச் சொன்னது.

மென்பொருள்காரனாகச் சொல்றேன், பொது அடைவு கட்டுவது சுலபம். பழசாகாம வெச்சிருப்பதுதான் கஷ்டம். ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு பொறுப்பாளர், கடைசியாகச் சரிபார்த்த தேதி வேணும். தேதி பழசானா பதிவு தானா மறையணும். தப்பான தகவலை நம்பி ஒருநாள் கூலியை விட்டு அலைந்தவர் மறுபடி அந்தப் பக்கம் வரமாட்டார்.

திருப்பூரில் 2011ல் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது உயர் நீதிமன்றம். உதவி எங்கே இருக்குன்னு அப்படியொரு உத்தரவு வந்த பிறகு தேடக்கூடாது.