சீலோவாம் கோபுரமும் இராணிப்பேட்டைத் தொட்டியும்

லூக்கா 13ஆம் அதிகாரத்தின் முதல் ஐந்து வசனங்கள் நம் பிரசங்க பீடங்களில் அடிக்கடி எடுத்தாளப்படுகின்றன. எங்கேனும் பேருந்து கவிழ்ந்தால் அல்லது கூரை இடிந்தால், அடுத்த ஞாயிறு சீலோவாம் கோபுரம் அருளுரைக்கு வந்துவிடும். மாண்ட பதினெட்டுப் பேரும் மற்றவர்களைக் காட்டிலும் பெரும் பாவிகள் அல்லர் என்று ஆண்டவர் சொன்னதை எடுத்துக்காட்டி, மரணம் எவருக்கும் எந்நேரமும் வரலாம், ஆகவே மனந்திரும்புவோம் என்று முடிப்பது வழக்கம். நாமும் பல ஆண்டுகள் இவ்வாறே பிரசங்கித்தோம். இவ்வியாக்கியானம் தவறென்று சொல்லத் துணியோம், ஆனால் குறையுள்ளது. கோபுரம் தானாகவே விழுந்ததுபோல நாம் பேசிவருகிறோம். அதைக் கட்டியவர் யார், பார்வையிட வேண்டியவர் யார், அதன் நிழலில் மனிதர் தங்குவதை அறிந்தும் வாளாவிருந்தவர் யார் என்னும் வினாக்கள் நம் பிரசங்கக் குறிப்புகளில் இடம்பெறுவதில்லை. பிலாத்து ஆலயப் பணத்தை எடுத்து எருசலேமுக்குத் தண்ணீர்க் கால்வாய் அமைத்தான் என்று யோசேபஸ் எழுதிவைத்திருக்கிறார். அக்கோபுரம் அந்த வேலையைச் சார்ந்ததாயிருக்கலாம் என்பது சில வியாக்கியானிகளின் ஊகம். ஊகம் ஊகமே. ஆயினும் அரசாங்க வேலையொன்றில் எளியவர்கள் மடிந்த செய்தியாக அவ்வசனத்தை ஒருமுறை படித்துப் பார்ப்பதில் நட்டமில்லை.

அவ்வாறு படிக்க நம்மைக் கட்டாயப்படுத்தியது நம் பகுதியில் நிகழ்ந்த ஒன்று. 2015 ஜனவரி 31, சனிக்கிழமை அதிகாலையில், இராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையிலுள்ள தோல் கழிவுநீர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கசடு தேக்கியிருந்த தொட்டியின் சுவர் உடைந்தது. கசடு வெள்ளமாய்ப் பாய்ந்து பக்கத்துத் தோல் ஆலைக்குள் புகுந்தது. அங்கே படுத்துறங்கிய தொழிலாளர்களில் பத்துப் பேர் மாண்டனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். மறுநாள் ஞாயிறு. நாம் நடத்திய ஆராதனையில் மன்றாட்டின் நடுவே அவர்களுக்காக ஒரு வாக்கியம் சொன்னோம். ‘விபத்தில் மரித்த பத்துப் பேர்’ என்றோம். பெயர்களைக் கேட்டறியவில்லை. ‘விபத்து’ என்ற சொல் சரிதானா என்றும் எண்ணிப் பார்க்கவில்லை.

அச்சொல்லே இக்கட்டுரையின் பொருள். அந்நிலையம் வந்த வரலாற்றை முதலில் நினைவுகூர வேண்டும். பாலாற்றைத் தோல் ஆலைகள் கெடுப்பதை எதிர்த்து வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆயம் தீர்ப்பளித்தது. ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பயிருக்கு உதவாமற்போயிற்று என்னும் ஆய்வுச் செய்தி அத்தீர்ப்பில் பதிவாகியுள்ளது. கெடுத்தவனே ஈடுசெய்ய வேண்டும் என்பதும், கேடு வருமுன் தடுக்க வேண்டும் என்பதும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியென அத்தீர்ப்பே நிலைநாட்டியது. இந்தியாவெங்கும் சட்ட மாணவர்கள் படிக்கும் அந்தத் தீர்ப்பு நம் ஆற்றங்கரையில் பிறந்தது. இப்படிப்பட்ட வழக்குகளின் நெருக்கடியில்தான் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பெருகின. ஆனால் நீரைச் சுத்திகரித்தால் குரோமியம் மறைந்துபோவதில்லை. கசடாக அடியில் தங்குகிறது. அதை எங்கே வைப்பது என்ற கேள்விக்குச் செலவில்லாத விடை கிடையாது. வருமுன் காக்கும் நெறி பேசப்பட்ட அதே மண்ணில், மாசைத் தடுக்க ஏற்பட்ட நிலையமே மனிதரைக் கொன்றது.

உடைந்த தொட்டி உரிய அனுமதியின்றிக் கட்டப்பட்டது என்று அன்றைய செய்திகள் கூறின. நிலையத்தை நடத்திய நிறுவனத்தின் பொறுப்பாளர் கைதானார். அனுமதியில்லை என்பதைக் கேட்டதும் குற்றம் முழுவதும் கட்டியவர்மேல் போய்விட்டதாக நமக்கொரு நிம்மதி உண்டாகிறது. அந்த நிம்மதி ஏற்கத்தக்கதன்று. பத்துப் பேரை மூழ்கடிக்கும் அளவு கசட்டைத் தேக்கிய தொட்டி கைக்குட்டைக்குள் ஒளிக்கும் பொருளா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது. பார்வையிடும் கடமையுள்ள வாரியம் இருந்தது. அதன் கண்ணில் தொட்டி படவில்லையென்றால் பார்வை நடக்கவில்லை. பட்டதென்றால் பார்த்தபின் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டில் எது உண்மையாயினும் ‘அனுமதியில்லை’ என்ற சொல் அரசாங்கத்தை விடுவிக்கும் சொல் அன்று. அதன்மேல் சாற்றப்படும் குற்றச்சாட்டாகும்.

அலுவலகத் தவறு உயிர்ப்பலியாவதை ஆராய்ந்த பழைய அறிக்கை ஒன்று இங்கே உதவும். வேல்ஸ் நாட்டில் அபர்பான் என்னும் நிலக்கரிச் சுரங்க ஊரில், 1966 அக்டோபர் 21 காலை, மலைமேல் கொட்டிவைத்த சுரங்கக் கழிவு சேறாய்ச் சரிந்து பள்ளிக்கூடத்தை மூடியது. 144 பேர் மாண்டனர். அவர்களில் 116 பேர் பிள்ளைகள். பெத்தானியா என்னும் சிற்றாலயம் சடலங்களை வைக்கும் இடமாயிற்று. பள்ளிக்குப் பின்னால் கழிவு கொட்டுவதன் அபாயத்தைக் குறித்து உள்ளூர் மன்றப் பொறியாளர் 1963லேயே எழுதியிருந்தார். யாரும் அறியாத நீரூற்றே காரணம் என்று அரசுடைமையான நிலக்கரி வாரியத்தின் தலைவர் சொன்னார். ஊற்றுகளோ வரைபடங்களிலேயே இருந்தன. மரண விசாரணையில் ஒரு தகப்பன் எழுந்து, தன் பிள்ளையை நிலக்கரி வாரியம் உயிரோடு புதைத்தது என்று சான்றிதழில் எழுதும்படி கேட்டான். காரணத்தை அதன் பெயரால் அழைத்தவன் அவனே.

நீதிபதி எட்மண்ட் டேவிஸ் தலைமையில் 76 நாள் விசாரித்து 1967இல் வெளிவந்த அறிக்கை அத்தகப்பனுக்கு ஏறக்குறைய உடன்பட்டது. வாரியமே பொறுப்பு என்றது; தவறியவர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. ஆயினும் அவர்கள் கொடியவர்கள் அல்லர், அறியாமையாலும் திறமையின்மையாலும் ஒருவரோடொருவர் செய்தி பகிராமையாலும் இடறினவர்கள் என்று கூறியது. இக்கூற்று உண்மை என்றே நாமும் கருதுகிறோம். இப்படிப்பட்ட சாவுக்குக் கொடியவன் ஒருவன் வேண்டியதில்லை. கோப்பை அடுத்த மேசைக்குத் தள்ளும் நல்லவர்கள் போதும். ஆனால் அது பழியைக் குறைக்கும் நியாயமாக எடுத்துக்கொள்ளப்பட்டதே! ஒருவர்மேலும் வழக்கில்லை, ஒருவரும் வேலையிழக்கவில்லை. எஞ்சிய கழிவுக் குன்றுகளை அகற்ற, துக்கப்பட்டவர்களுக்கென உலகம் அனுப்பிய உதவி நிதியிலிருந்தே 1,50,000 பவுன் எடுக்கப்பட்டது. அது திரும்பக் கொடுக்கப்பட்டது 1997இல். நாம் ஞாயிறுதோறும் பொது அறிக்கையில் செய்தவற்றோடு செய்யாமல் விட்டவற்றையும் அறிக்கையிடுகிறோம். செய்யாமல் விட்டதைச் சிறிய பாவமென்று அவ்வறிக்கை எங்கும் பிரித்துக் காட்டவில்லை.

ஈடு வழங்குவதில் நம் நாட்டு வேகமும் மெச்சத்தக்கதன்று. தோல் ஆலைக் கழிவால் நிலமிழந்தோருக்குத் தரவேண்டிய தொகையை அதற்கென அமைந்த ஆணையம் 2001இல் நிர்ணயித்தது. கணக்கில் வந்தோர் 29,193 பேர். ஆறு வாரத்தில் அரசாங்கம் கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உச்ச நீதிமன்றம் கூற நேர்ந்தது 2025 ஜனவரி 30இல். தொட்டி உடைந்து பத்தாண்டு நிறைவதற்கு முந்தின நாள் அது. நாட்கள் தற்செயலாய்ப் பொருந்தின. இருபத்து நான்கு ஆண்டுத் தாமதத்தைத் தற்செயல் என்று சொல்ல முடியாது.

இத்தருணத்தில் சீலோவாமோடு உபாகமம் 21ஐயும் சேர்த்து வாசிக்க வேண்டும் என்பது நம் கருத்து. வெளியிலே ஒருவன் கொலையுண்டு கிடக்கிறான். கொன்றவன் யாரென்று தெரியவில்லை. மூப்பரும் நியாயாதிபதிகளும் புறப்பட்டுப்போய், பிணம் கிடந்த இடத்திலிருந்து சுற்றுப் பட்டணங்கள்வரை அளக்கவேண்டும். மிக அருகிலுள்ள பட்டணத்தின் மூப்பர்கள் முன்வந்து பதில் சொல்லவேண்டும். கொன்றவன் தெரியாதபோதும் ஊருக்குப் பொறுப்புண்டு என்பதே அதன் சாரம். இச்சடங்கை உயிர்ப்பலி முறைகளின் ஒரு விநோதமாக மட்டும் வகுப்பில் கடந்துபோகிறோம். மூப்பர்கள் நடந்துபோய் அளக்கும் அந்த நடையைக் கவனிப்பதில்லை. இராணிப்பேட்டையில் அளந்தால் ஆலை உரிமையாளர் வருவார், நிலையப் பொறுப்பாளர் வருவார், வாரியப் பொறியாளர் வருவார். இம்மூவகையினரும் அவர்களிடம் கூலி பெறுவோரும் நம் ஆலயங்களில் ஒரே இருக்கை வரிசையில் அமர்ந்திருக்கக் கூடியவர்கள். ஆகவே அளவுகோல் ஆலய வாசலைத் தாண்டி உள்ளேயும் வரும். ஆண்டு விழாக்களுக்குத் தாராளமாய்க் கொடுப்பவரிடம் கசடு எங்கே போகிறது என்று கேட்ட ஆயர் எத்தனை பேர்? நாம் கேட்டதில்லை.

வரும் பருவத்தில் லூக்கா 13ஐப் பிரசங்கப் பயிற்சிக்கு எடுக்கும் மாணவர்கள் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பைப் படித்துவிட்டு வகுப்புக்கு வரும்படி கேட்டிருக்கிறோம். பிரசங்கக் குறிப்பு எழுதுமுன் தொழிற்பேட்டைக்கு ஒருமுறை சென்று, இரவில் தொழிலாளர் எங்கே படுக்கிறார்கள் என்று பார்த்து வரவேண்டும் என்றும் சொல்லியிருக்கிறோம்.