ரசிகன் கொடுப்பதும் கேட்காததும்

2023 ஐ.பி.எல். பருவத்தில் சேப்பாக்கத்துக்குப் போனவர்கள் ஒரு வினோதத்தைக் கண்ணாரக் கண்டிருப்பார்கள். சென்னை அணியின் விக்கெட் விழும். மஞ்சள் ஜெர்சி போட்ட கூட்டமே எழுந்து விசிலடிக்கும். அடுத்து தோனி இறங்குவார் என்பதுதான் காரணம். அந்தப் பருவத்தில் ஓர் ஆட்டம் முடிந்த பிறகு ஜடேஜாவே இதைச் சொன்னார்: தான் முன்னால் இறங்கினால், எப்போது அவுட் ஆவேன் என்று ரசிகர்கள் காத்திருப்பார்கள் என்று. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சொந்த மைதானத்தில், சொந்த அணிக்காக மட்டையெடுத்து நிற்கும் ஒருவர் அப்படிச் சொல்ல நேர்ந்தது எனக்குச் சிரிப்பாக இல்லை.

அதே ஆண்டு இறுதியாட்டம் அகமதாபாத்தில் மழையால் ஒரு நாள் தள்ளிப்போய், மறுநாள் மே 29 இரவு தொடங்கி நள்ளிரவைத் தாண்டி நடந்தது. தோனி முதல் பந்திலேயே ஆட்டமிழந்தார். கடைசி இரண்டு பந்துகளில் 10 ரன்கள் வேண்டும். மோகித் சர்மா வீசிய பந்துகளில் ஒன்றை சிக்ஸருக்கும் இன்னொன்றை பவுண்டரிக்கும் அனுப்பிக் கோப்பையை வாங்கித் தந்தவர் ஜடேஜா. தோனி அவரை அப்படியே தூக்கிக்கொண்டார்.

தீவிர ரசிகர்களைக் குறை சொல்வோர் வழக்கமாகச் சொல்வது நேரம் வீண், காசு வீண், வெறி என்பவைதான். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஓர் அணியின் மேல் அளவில்லாமல் அன்பு வைப்பது நல்ல காரியம்; பல பேரின் வாழ்க்கையில் அதற்கு ஈடாக வேறொன்று கிடைப்பதில்லை. அந்த அன்பை எதன்மேல் வைக்கிறோம், அதை வாங்கிக்கொள்கிறவர்களிடம் பதிலுக்கு என்ன கேட்கிறோம் என்ற இரண்டு இடங்களில்தான் நம் ரசிகர்கள் தடுமாறுகிறார்கள்.

அன்பின் பெருமையைச் சொல்ல 1999 ஜனவரி 31-ஐ விட நல்ல நாள் கிடையாது. பாகிஸ்தான் அணி பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு டெஸ்ட் ஆட இந்தியாவுக்கு வந்திருந்தது. எதிர்ப்பாளர்கள் டெல்லி பெரோஸ் ஷா கோட்லா ஆடுகளத்தையே தோண்டிப் போட்டிருந்ததால் முதல் டெஸ்ட் சென்னைக்கு மாறியது. இந்தியாவுக்கு இலக்கு 271. 82 ரன்களுக்குள் ஐந்து விக்கெட் போய்விட்டது. அதன்பின் முதுகுவலியோடு நின்று ஆடிய சச்சின் டெண்டுல்கர், மோங்கியாவுடன் சேர்ந்து ஆட்டத்தை மீட்டார். 136 ரன்களில் சக்லைன் முஷ்டாக் பந்தைத் தூக்கியடித்து வாசிம் அக்ரமிடம் கேட்ச் கொடுத்தபோது வெற்றிக்கு 17 ரன்கள்தான் பாக்கி. கையில் மூன்று விக்கெட். அந்த மூன்றும் நான்கே ரன்களில் விழுந்தன. 12 ரன்களில் தோல்வி.

அரங்கம் சில நிமிடங்கள் பேச்சற்று இருந்தது. பிறகு எழுந்து நின்று கைதட்டியது. பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடி வந்து அந்த மரியாதையை ஏற்றுக்கொண்டார்கள். கார்கில் போருக்குச் சில மாதங்களே இருந்த காலம் அது.

அந்தக் கைதட்டலைப் பண்பாடு, விருந்தோம்பல் என்று சொல்லி முடித்துக்கொள்வது வழக்கம். அதற்குப் பின்னால் நீண்ட பயிற்சி இருந்தது என்பது என் கணிப்பு. அந்த கேலரியில் இருந்தவர்களில் பலர் 1986-இல் ஆஸ்திரேலியாவுடன் டெஸ்ட் சமன் ஆனதைப் பார்த்தவர்கள். வெயிலில் வாந்தியெடுத்துக்கொண்டே டீன் ஜோன்ஸ் 210 அடித்ததைக் கண்டவர்கள். 1987 உலகக் கோப்பையில் அதே மைதானத்தில் இந்தியா ஒரு ரன்னில் தோற்றது. ஜோன்ஸ் அடித்த ஒரு பந்து பவுண்டரி இல்லை, சிக்ஸர் என்று இடைவேளையில் கேள்வி எழ, கபில் தேவ் ஒப்புக்கொண்டார். ஆஸ்திரேலியாவின் 268 என்பது 270 ஆயிற்று. இந்தியா எடுத்தது 269. நேர்மைக்காகக் கோட்டைவிட்ட ஆட்டம் என்றே அதைச் சொல்லலாம். 1997-இல் சயீத் அன்வர் 194 அடித்ததும் இங்கேதான். எதிரணியின் திறமையை முழுசாக உள்வாங்கிப் பழகிய கண்கள் அவை. சக்லைனின் பந்து எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கடைசி வரிசையிலிருந்து ஊகிக்கும் ஒருவருக்கு, அந்தப் பந்திலேயே தம் அணி தோற்றாலும் அதன் அருமை தெரியாமல் போகாது. நீண்ட நாள் பக்தி கொடுக்கும் பெரிய வரவு இந்த நுட்பம்தான். ஸ்கோர் மட்டும் பார்க்கிறவருக்கு இது வாய்க்காது.

இதைச் சென்னையின் தனிப்பெருமை என்று கொண்டாடவும் எனக்கு மனமில்லை. மூன்றே வாரங்களில் கொல்கத்தா ஈடன் கார்டனில் இதே இரு அணிகள் மோதின. மூன்றாவது ரன்னுக்கு ஓடிய சச்சின், ஷோயப் அக்தர்மேல் மோதித் தடுமாறி ரன் அவுட் ஆனார். கூட்டம் கொதித்தது. கடைசி நாளில் ரசிகர்களை வெளியேற்றி, ஏறக்குறைய வெற்று அரங்கில் ஆட்டத்தை முடித்தார்கள். கொல்கத்தா ரசிகருக்கு கிரிக்கெட் ஞானம் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. சென்னையில் தோல்வி நியாயமாக வந்தது. கொல்கத்தாவில் தங்கள் நாயகனுக்கு அநியாயம் நடந்துவிட்டது என்று நம்பினார்கள். ரசிகரின் நியாய உணர்வு கூர்மையானது. அது கைதட்டவும் வைக்கும், பாட்டில் வீசவும் வைக்கும். எல்லைக்கோட்டிலிருந்து ஸ்டம்பை நேராகத் தாக்கிய அந்த எறியை அன்று பாராட்ட ஆளில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

பக்தியின் இன்னொரு வரவு, கூட்டு. 2018 ஏப்ரலில் காவிரிப் போராட்டம் உச்சத்தில் இருந்தபோது சேப்பாக்கத்தில் சென்னை அணியின் முதல் ஆட்டத்திலேயே செருப்பு வீசப்பட்டது. மீதி ஆட்டங்கள் புனேவுக்குப் போயின. சூதாட்ட விவகாரத்தால் வந்த இரண்டு ஆண்டுத் தடைக்குப் பிறகு திரும்பியிருந்த அணி, ஒரே ஆட்டத்தோடு ஊரைவிட்டுப் போனது. அணி நிர்வாகம் ஒரு ரயிலை ஏற்பாடு செய்ய, சுமார் ஆயிரம் பேர் அதில் புனேவுக்குப் பயணமானார்கள். ஒருவரையொருவர் முன்பின் அறியாதவர்கள் வழிநெடுகப் பாட்டும் சாப்பாடும் பகிர்ந்தார்கள். யார் என்ன சாதி, எங்கே வேலை என்று கேட்காமல் பக்கத்து இருக்கைக்காரரைக் கட்டிப்பிடிக்கக்கூடிய இடங்கள் நம் ஊரில் எத்தனை இருக்கின்றன? கேலரி அப்படி ஓர் இடம். அதை லேசாக எடைபோடக் கூடாது.

இதற்கு உடம்பும் மனமும் கொடுக்கும் விலை உண்டு. 2006 உலகக் கோப்பைக் கால்பந்தின்போது ஜெர்மனி ஆடிய நாட்களில் மியூனிக் பகுதியில் இதய அவசரச் சிகிச்சைக்கு வந்தோர் வழக்கத்தைவிட 2.66 மடங்கு இருந்ததாக ஓர் ஆய்வு 2008-இல் வெளியானது. ஏற்கெனவே இதயநோய் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். அமெரிக்காவில் ராபர்ட் சியால்டினி 1976-இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது: கல்லூரி அணி வென்ற வார இறுதிக்கு அடுத்த திங்கட்கிழமை, கல்லூரிப் பெயர் போட்ட சட்டையில் வரும் மாணவர் கூடுதல். வெற்றியின் வெளிச்சத்தில் நாமும் கொஞ்சம் நின்றுகொள்கிறோம். இதில் தப்பொன்றும் இல்லை. தோற்ற வாரத்திலும் அந்தச் சட்டையை எடுத்து மாட்டுகிறவர்தான் என் கணக்கில் மெய்யான ரசிகர்.

அணியின் மேலுள்ள அன்பு ஒற்றை ஆளின் மேல் குவியும்போதுதான் சீர்கேடு தொடங்குகிறது. 2024-இல் ரோகித் சர்மாவுக்குப் பதிலாக மும்பை அணியின் கேப்டனான ஹர்திக் பாண்டியாவைச் சொந்த வான்கடே மைதானமே கூச்சலிட்டு அவமானப்படுத்தியது. கேப்டனை மாற்றிய நிர்வாகத்தை நோக்கி எழ வேண்டிய கேள்வி, ஆடவந்தவர் தலையில் விழுந்தது. ஜூன் 29 அன்று டி20 உலகக் கோப்பை இறுதியாட்டத்தின் கடைசி ஓவரை வீசி வென்று கொடுத்துவிட்டு அவர் வந்தபோது, அதே வான்கடே அவர் பெயரைச் சொல்லி முழங்கியது. 2020-இல் சென்னை அணி தோற்ற ஓர் ஆட்டத்துக்குப் பிறகு தோனியின் சின்னஞ்சிறு மகளைக் குறிவைத்து சமூக ஊடகத்தில் மிரட்டல் வந்தது. பிடிபட்டது பதினாறு வயதுப் பையன். 2021-இல் இந்தியா பாகிஸ்தானிடம் தோற்ற இரவில் முகமது ஷமியின் மதத்தை இழுத்து வசைபாடினார்கள். இவற்றை ஒரு சிலரின் கோணல் என்று ஒதுக்கிவிடலாகாது. ஒரு வீரரைத் தெய்வமாக்கினால், அவருக்கு எதிரில் நிற்பவர் மட்டுமல்ல, சில நாள் அவரே கூடத் துரோகியாகத் தெரிவார்.

ஆயினும் கேட்காமல் இருப்பதே நம் ரசிகர்களின் பெரிய குறை என்பேன். 2013 ஐ.பி.எல். சூதாட்ட விவகாரத்தில் சென்னை அணி நிர்வாகத்தைச் சேர்ந்த ஒருவர் பந்தயம் கட்டியது நிரூபணமானதாக உச்ச நீதிமன்றம் சொன்னது. 2015-இல் அந்த நீதிமன்றம் அமைத்த லோதா குழு அணியை இரண்டு ஆண்டு விலக்கிவைத்தது. அந்த இரண்டு ஆண்டுகளும் ரசிகர்கள் உண்மையாகவே ஏங்கினார்கள். 2018-இல் அணி திரும்பியபோது திருவிழாதான். எங்கள் நம்பிக்கையை ஏன் பணயம் வைத்தீர்கள் என்ற ஒற்றைக் கேள்வி கேலரியிலிருந்து எழுந்ததாக எனக்கு நினைவில்லை. 2023 முதல் 2027 வரையிலான ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. அந்தத் தொகை முழுக்க ரசிகரின் கண்களுக்குப் போட்ட விலை. அந்தக் கண்களுக்கு உரியவர், கொளுத்தும் வெயிலில் கூரையற்ற வரிசையில் உட்கார்ந்து, தண்ணீர் பாட்டிலை வாசலிலேயே பிடுங்கக் கொடுத்துவிட்டு, உள்ளே அதற்குப் பல மடங்கு விலை கொடுக்கிறார்.

பெங்களூரு இதைவிடக் கொடிது. பதினெட்டு ஆண்டு காத்திருந்து 2025 ஜூன் 3 அன்று ராயல் சேலஞ்சர்ஸ் முதல் ஐ.பி.எல். கோப்பையை வென்றது. ஒவ்வொரு ஆண்டும் கேலிக்கு ஆளாகியும் அணியைக் கைவிடாத ரசிகர்கள் அவர்கள். மறுநாளே பாராட்டு விழா. ஊர்வலம் உண்டா இல்லையா என்பதிலேயே குழப்பம். சுமார் 35,000 பேர் கொள்ளும் சின்னசாமி அரங்கின் வாசல்களில் லட்சக்கணக்கானோர் திரண்டார்கள். நெரிசலில் 11 பேர் செத்துப்போனார்கள். பெரும்பாலும் இளைஞர்கள். அதன்பின் அரசு, காவல்துறை, அணி, கிரிக்கெட் சங்கம் என்று பொறுப்பு கைமாறிக்கொண்டே இருந்தது. கூட்டம் கட்டுக்கடங்காமல் போய்விட்டது என்ற பழைய பேச்சும் கூடவே எழுந்தது.

அந்தப் பேச்சை லிவர்பூல் ரசிகர்கள் நன்றாக அறிவார்கள். 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ அரங்கில் நெரிசலில் சிக்கிய அவர்களில் 97 பேர் இறந்தார்கள். குடித்துவிட்டு வந்த ரசிகர்கள்மேல்தான் தவறு என்று காவல்துறை சொன்னது. குடும்பங்கள் விடவில்லை. 27 ஆண்டுகள் போராடி, இறந்தவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள், ரசிகர்கள்மேல் குற்றம் இல்லை என்ற தீர்ப்பை 2016-இல் ஒரு நடுவர் குழுவிடமிருந்து பெற்றார்கள். அதே ஆண்டு பிப்ரவரியில் லிவர்பூல் நிர்வாகம் ஒரு பகுதி டிக்கெட்டை 77 பவுண்டாக உயர்த்தப்போவதாக அறிவித்தபோது, ஆட்டத்தின் 77-ஆம் நிமிடத்தில் ஏறத்தாழ 10,000 பேர் எழுந்து வெளியேறினார்கள். சில நாட்களில் உரிமையாளர்கள் திட்டத்தைக் கைவிட்டார்கள். பக்கத்திலும் உதாரணம் உண்டு: கேரள பிளாஸ்டர்ஸ் கால்பந்து அணியின் மஞ்ஞப்பட ரசிகர்கள் 2024 டிசம்பரில் சொந்த நிர்வாகத்தை எதிர்த்தே போராட்டம் அறிவித்தார்கள். இவர்களில் யாருடைய பக்தியும் நம்முடையதற்குக் குறைந்ததில்லை.

2025-இல் சென்னை அணி புள்ளிப்பட்டியலின் அடியில் முடித்தது. அப்போதும் சேப்பாக்கம் மஞ்சளாகத்தான் இருந்தது. அந்த விசுவாசத்தின்மேல் எனக்கு மதிப்பு உண்டு. அந்தக் கூட்டம் சேர்ந்து நின்று கேட்கவேண்டியவை என்னிடம் சில இருக்கின்றன. எத்தனை டிக்கெட் பொதுவிற்பனைக்கு வருகிறது, எத்தனை ஸ்பான்சர்களுக்கும் வேண்டப்பட்டவர்களுக்கும் போகிறது என்று ஒவ்வோர் ஆட்டத்துக்கும் வெளியிட வேண்டும். எல்லா வரிசைக்கும் இலவசக் குடிநீர் வேண்டும். வாசல்களின் கொள்ளளவும் நெரிசல்காலத் திட்டமும் ஆட்டத்துக்கு முன்பே மக்கள் பார்வைக்கு வர வேண்டும். இவற்றை எழுதிக் கொடுத்து, பதில் வரும்வரை முதல் ஓவருக்கு மட்டும் இருக்கைகளைக் காலியாக விட்டாலே போதும். அந்த ஒரு ஓவர் தொலைக்காட்சியில் எப்படித் தெரியும் என்பது நிர்வாகத்துக்கு நன்றாகத் தெரியும்.