யார் தொட்டார்கள்?

தமிழில் நோயைப் பற்றி எழுதப்பட்டிருப்பது குறைவில்லை. கதைகள் இருக்கின்றன, கவிதைகள் இருக்கின்றன, படுக்கையில் கிடந்தபடி எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. நவீனச் சிறுகதையின் பெரிய பெயரான புதுமைப்பித்தனே 1948இல் காசநோயில்தான் செத்தார். இந்த எழுத்துகளை நம் விமர்சகர்கள் பெரும்பாலும் இரண்டு விதமாகத்தான் வாசிக்கிறார்கள். ஒன்று, இது தனிமனிதத் துயரம் என்பார்கள். இன்னொன்று, வாழ்வின் நிலையாமை என்பார்கள். உடம்பில் ஆரம்பித்து ஆன்மாவில் கொண்டுபோய் முடித்துவிடுவார்கள். வயிற்றுவலிகூட இவர்கள் கையில் தத்துவமாகிவிடும்.

நோய் பற்றிய எந்தப் பிரதியை வாசித்தாலும் இதற்கெல்லாம் முன்னால் ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. நோயாளியை யார் தொட்டார்கள்? நாடி பிடித்தது யார், பிடிக்காமல் விட்டது யார்? சின்னக் கேள்விதான். ஆனால் சாதி இருக்கிற சமூகத்தில் வைத்தியம் என்பதே இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்' கதையை எடுத்துக்கொள்வோம். சென்னையில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பிரமநாயகம் பிள்ளை. ஓயாத நோயாளியான மனைவி. சொற்பச் சம்பளம். கடைசியில் மனைவியின் பிணத்தோடு அவர் தனியாக இருக்கிறார். தமிழின் மிக நல்ல கதைகளில் ஒன்று, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த வறுமை நிஜம், அந்தக் கணவரின் கையில் இருக்கிற பரிவும் நிஜம். ஆனால் பெயரோடு ஒட்டியிருக்கிற அந்தப் 'பிள்ளை'யை நோயோடு சேர்த்து வாசித்த விமர்சனம் எதையும் நான் பார்த்ததில்லை. காசில்லாததால் வைத்தியம் கிடைக்காத கஷ்டம் வேறு. காசு கொடுத்தும் வைத்தியனின் கை கிடைக்காத நிலை வேறு. முதலாவதை மனிதத் துயரம் என்று சொல்லிக் கண்ணீர் விட்ட விமர்சனம் இரண்டாவதற்கு இன்னும் ஒரு பெயர்கூட வைக்கவில்லை.

இரண்டாவதற்கு ஒரு பிரதி இருக்கிறது. அம்பேத்கர் 1930களின் நடுவில் எழுதி, அவர் மறைவுக்கு வெகுகாலம் கழித்து 1990இல் தனிநூலாக வந்த 'விசாவுக்காகக் காத்திருத்தல்'. மாட்டுவண்டியும் பரோடா சத்திரமும் தௌலதாபாத் கோட்டைக் குளமும் நம் மேடைகளில் நிறையப் பேசப்பட்டுவிட்டன. அதே நூலில் இன்னொருவரின் கடிதம் ஒன்றும் சேர்க்கப்பட்டிருக்கிறது. அது காந்தியின் 'யங் இந்தியா'வில் 1929 டிசம்பர் 12 அன்று வெளிவந்தது. எழுதியவர் கத்தியவார்ப் பகுதியில் ஒரு கிராமத்துப் பள்ளி ஆசிரியர், தீண்டப்படாத சாதிக்காரர். அவர் மனைவி பிள்ளை பெற்ற இரண்டாவது நாள் நோயில் விழுகிறார். வயிற்றுப்போக்கு, பிறகு மூச்சுத் திணறல். டாக்டரைக் கூப்பிடுகிறார். சேரிக்குள் வர மாட்டேன் என்கிறார் டாக்டர். ஊர்ப் பெரிய மனிதர்களிடம் போய் நிற்கிறார் ஆசிரியர். இரண்டு ரூபாய் ஃபீஸுக்கு அவர்களில் ஒருவர் ஜாமீன் நிற்கிறார். அப்புறமும் ஒரு நிபந்தனை. சேரிக்கு வெளியே கொண்டுவந்து கிடத்தினால் பார்க்கிறேன். பச்சை உடம்புக்காரியைக் குழந்தையோடு தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

அதற்குப் பிறகு நடப்பதைத்தான் நாம் வரிவரியாக வாசிக்க வேண்டும். டாக்டர் தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுக்கிறார். அவர் அதைக் கணவனிடம் கொடுக்கிறார். கணவன் மனைவிக்கு வைக்கிறார். வைத்து எடுத்தது அதே வழியில், அதே கைகள் வழியாகத் திரும்பிப் போகிறது. டாக்டர் விளக்கு வெளிச்சத்தில் அதைப் பார்த்துவிட்டு நிமோனியா என்கிறார். மருந்து அனுப்புகிறார். மறுபடி வந்து பார்க்க மறுத்துவிடுகிறார். பிறகு ஒரு பிற்பகலில் அந்தப் பெண் இறந்துபோகிறார்.

இந்தக் கடிதத்தில் எனக்குப் பெரிதாகப் படுவது அதன் கணக்குதான். அந்த ஆசிரியர் கதறவில்லை. உவமை சொல்லவில்லை. கருவி யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று ஒரு குமாஸ்தாவைப் போல எழுதி வைக்கிறார். அந்த டாக்டர் கேஸ் ஷீட் எதுவும் எழுதியிருந்தால் அதில் காய்ச்சலின் அளவு இருந்திருக்கும், கைகளின் வரிசை இருந்திருக்காது. டாக்டர் எழுதாமல் விட்ட மருத்துவக் குறிப்பை நோயாளியின் புருஷன் எழுதியிருக்கிறார். தலித் சாட்சியம் என்று நாம் இன்று சொல்கிற எழுத்துவகையின் அழகியல் என்னவென்று கேட்கும் நண்பர்களுக்கு நான் இந்த இடத்தைத்தான் காட்டுவேன். ஆசிரியரின் பெயரும் கிடையாது, டாக்டரின் பெயரும் கிடையாது. பெயர் வெளியே தெரிந்தால் பழிவாங்குவார்கள் என்ற பயத்தில் ஆசிரியரே கேட்டுக்கொண்டது அது.

ஒரு மறுப்பு வரும். 1929இல் நிமோனியாவுக்குச் சரியான மருந்தே கிடையாது, சல்ஃபா மருந்து வந்ததே 1930களின் கடைசியில்தான், பென்சிலின் அதற்கும் பிறகு, தொட்டுப் பார்த்திருந்தாலும் செத்துத்தான் போயிருப்பாள் என்பார்கள். இருக்கலாம். நான் கேட்பது அவர் பிழைத்திருப்பாரா என்பதல்ல. சாகிறவளுக்குக்கூடக் கை வைக்காத படிப்பு என்ன படிப்பு என்பதுதான். நெஞ்சைத் தட்டிப் பார்த்து, காது வைத்துக் கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டிய நோயை ஒரு கண்ணாடிக் குழாயை மட்டும் பார்த்துச் சொன்ன அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது? ஃபீஸ் மட்டும் தீட்டில்லாமல் கை மாறியிருக்கிறது.

மருத்துவமனை பற்றி ஃபூக்கோ எழுதிய நூல் 1963இல் வந்தது. நவீன மருத்துவம் பிறந்தபோது டாக்டரின் பார்வை எப்படி அதிகாரமாக மாறியது என்று அதில் விளக்குகிறார். நம் சிறுபத்திரிகை நண்பர்களுக்கு அது வேதவாக்கு. பார்வையின் அதிகாரத்தை நானும் மறுக்கவில்லை. ஆனால் பார்வைக்கும் தொடுகைக்கும் நடுவில் நமக்கு இன்னொரு கதை இருக்கிறது. ஸ்டெதஸ்கோப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 1816இல் பாரிஸில் லென்னெக் என்ற டாக்டர் ஓர் இளம்பெண்ணின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்கக் கூச்சப்பட்டு, காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி ஒரு முனையை அவள் மார்பிலும் மறுமுனையைத் தன் காதிலும் வைத்தார். அதிலிருந்து வந்ததுதான் இன்று டாக்டர் கழுத்தில் தொங்குவது. அங்கே நாணத்துக்காகக் கண்டுபிடித்த தூரம் உடம்பை இன்னும் நன்றாகக் கேட்க உதவியது. இங்கே அதே மாதிரிக் கருவி, கேட்காமல் இருக்க உதவுகிறது. கருவியின் குற்றமல்ல இது.

இதை நான் புத்தகத்திலிருந்து மட்டும் எழுதவில்லை. 2022இல் எனக்குக் கழுத்தின் வலப்பக்கம் ஒரு கட்டி வந்தது. "நெறி கட்டியிருக்குது, எங்கனா புண்ணு இருக்குதா பாரு" என்றாள் அம்மா. புண் எதுவும் இல்லை. மாலையானால் காய்ச்சல், எடை குறைந்துகொண்டே வந்தது. எங்கள் பக்கத்து டவுனில் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனோம். டாக்டர் கேட்ட முதல் கேள்வி எந்த ஊர். ஊரைச் சொன்னதும் ஊரில் எந்தப் பக்கம் என்றார். சொன்னோம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, ஸ்கேன், மேண்டோ டெஸ்ட் என்று எழுதினார். நான்கு நாள் கழித்து ரிப்போர்ட்டுகளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். என் கழுத்தைப் பார்க்கவில்லை. வெளியே வந்ததும் அம்மா கேட்டாள், "ஏண்டி, கட்டின்னு சொல்லித்தான வந்தோம், அமுக்கியே பாக்கலயே அந்தாளு?"

மேண்டோ டெஸ்ட் என்பது முன்னங்கையில் தோலுக்குள் மருந்தைப் போட்டுவிட்டு, 48 முதல் 72 மணி நேரத்துக்குள் பார்ப்பது. சிவப்பை அளக்கக் கூடாது. விரலால் தடவி, தடித்திருக்கிற இடம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்டு அதை அளக்க வேண்டும். அந்த லேபில் கண்ணால் பார்த்தே ஒரு எண்ணை எழுதிக் கொடுத்தார்கள். தொடாமல் படிக்க முடியாத ஒரு பரிசோதனையைத் தொடாமலே படித்தார்கள்.

இப்போதெல்லாம் டாக்டர்கள் யாரைத் தொடுகிறார்கள், எல்லாம் மெஷின்தானே, எல்லாவற்றிலும் சாதியைப் பார்க்காதீர்கள் என்று ஒரு தோழரே என்னிடம் சொன்னார். நீ பெண் என்பதால் தயங்கியிருப்பார் என்றும் சொன்னார். எனக்கு முன்னால் உள்ளே போனவர் கடைவீதிக்காரர், அவரும் பெண்தான். கதவு திறந்தேதான் இருந்தது. அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு குடும்ப விஷயமெல்லாம் பேசிக்கொண்டிருந்தார் அதே டாக்டர். இது சாதியா, அவசரமா, பழக்கமா? நீதிமன்றத்தில் நிரூபி என்றால் என்னால் முடியாது. 1955இன் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் தீண்டாமையின் பேரால் மருத்துவமனையில் சேர்க்க மறுப்பதைக் குற்றம் என்கிறது. சேர்த்த பிறகு பாகுபாடு காட்டுவதையும் குற்றம் என்கிறது. நல்ல சட்டம். ஆனால் வைக்கப்படாத கைக்கு யார் சாட்சி? நான் சொல்ல வருவது வேறு. அந்த நான்கு நாளும் எனக்கு என்ன நோய் என்று யோசிக்க வேண்டிய மூளை, அந்தக் கை ஏன் நீளவில்லை என்று யோசித்துக்கொண்டிருந்தது. நோயோடு சேர்த்து டாக்டரையும் சோதித்துப் பார்க்கிற வேலை நம் தலையில் விழுகிறது. கடைவீதிக்காரருக்கு அந்த வேலை கிடையாது. சாதி நம் உடம்பிடம் கூடுதலாக வாங்குகிற கூலியில்லா வேலை இது.

பிறகு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனேன். நீண்ட க்யூ, அழுக்கு பெஞ்சு, சீட்டு வாங்கவே இரண்டு மணி நேரம். அங்கே இருந்த ஹவுஸ் சர்ஜன் பெண் எதிரில் உட்காரவைத்து, தாடைக்கு அடியில், காதுக்குப் பின்னால், தோள்பட்டை எலும்புக்கு மேலே, அக்குளில் என்று விரல்களால் அமுக்கி அமுக்கிப் பார்த்தார். வலிக்குதா, நகருதா என்று கேட்டார். அவர் என்ன சாதி என்று எனக்குத் தெரியாது. ஊசி போட்டு நீர் எடுத்தார்கள், சோதனைக்கு அனுப்பினார்கள். நிணநீர்க் கணுவில் காசநோய் என்று வந்தது. சித்த வைத்தியத்தில் இதற்குக் கண்டமாலை என்று பெயர். ஐரோப்பாவில் ஒருகாலத்தில் ராஜா தொட்டால் இந்த நோய் போய்விடும் என்று நம்பினார்கள். இங்கிலாந்திலும் பிரான்சிலும் ராஜாக்கள் இந்த நோயாளிகளை வரிசையில் நிற்கவைத்துத் தொட்டிருக்கிறார்கள். ராஜா தொட்டு நோய் போகாது. ஆனாலும் அங்கே தொடுவதை மருந்து என்று நினைத்தார்கள் என்பது ஒரு செய்தி.

இரண்டு மாதம் நான்கு மருந்து, பிறகு நான்கு மாதம் மூன்று மருந்து, எல்லாம் இலவசம். மூத்திரம் சிவப்பாகப் போகும், பயப்படாதே என்று முன்கூட்டியே சொன்னார்கள். நுரையீரலில் இல்லாமல் கணுவில் மட்டும் இருக்கிற காசநோய் இருமலில் பரவாது. என் எக்ஸ்ரே சுத்தம். ஆனாலும் டி.பி. என்றதும் வேலை செய்யும் இடத்தில் தம்ளரைத் தனியாக வைத்தார்கள். தனித் தம்ளர் எனக்குப் புதுசு இல்லை.

சூசன் சொண்டாக் 1978இல் எழுதிய நூலில் காசநோயும் புற்றுநோயும் எப்படி உருவகங்களாக ஆக்கப்பட்டன என்று காட்டினார். நோயை நோயாக மட்டும் பாருங்கள், உருவகம் ஏற்றாதீர்கள் என்பது அவர் வாதம். நல்ல வாதம், ஆனால் நம் ஊரில் அது பாதி வழிதான் வரும். இங்கே நோய் நம்மேல் உருவகமாக ஏறவில்லை, நாமே தொற்றுநோயாக நடத்தப்பட்டவர்கள். காசநோய்க் கிருமியைக் கோக் கண்டறிந்து சொன்னது 1882இல். தள்ளி நில் என்பதும் நிழல் படக் கூடாது என்பதும் கிருமிக்கு எத்தனையோ நூற்றாண்டு முந்தியவை. கிருமி வந்து அந்தப் பழைய பழக்கத்துக்கு ஒரு விஞ்ஞானப் போர்வை கொடுத்தது, அவ்வளவே.

இன்னொரு பக்கத்தையும் வாசிக்க வேண்டும். அதே ஆஸ்பத்திரியில் எல்லோரையும் தொடுகிற கைகள் யாருடையவை? ரத்தத் துணியை அலசுகிறவர், மலச்சட்டி எடுக்கிறவர், சளிக் கிண்ணத்தை அப்புறப்படுத்துகிறவர், பிணவறையில் உடம்பைப் புரட்டுகிறவர். பெரும்பாலும் நம் சாதி சனம்தான், இன்று பலர் ஒப்பந்தக் கூலியில். கடைவீதிக்காரரின் கழிவை நம் கை தொடலாம். நம் கழுத்தை டாக்டரின் கை தொடாது. நோயெழுத்து என்று இதுவரை வந்தவற்றில் இந்தக் கைகள் ஆயா, வார்டு பாய் என்று ஒரு வரியில் வந்து போகின்றன.

நம் பக்கத்திலும் ஒரு குறை உண்டு. நம் தன்வரலாறுகள் பள்ளிக்கூடத்தை எழுதின, சர்ச்சை எழுதின, டீக்கடையை, தெருவை, சுடுகாட்டை எழுதின. நான் வாசித்த அளவில் ஆஸ்பத்திரி ஓரமாகத்தான் வருகிறது. நோயைச் சொல்வதில் நமக்கு ஒரு கூச்சம் இருக்கிறது. போராட வந்தவர்கள் படுக்கையைப் பற்றி எழுதலாமா என்ற எண்ணமாக இருக்கலாம். அம்பேத்கரே எழுதியிருக்கிறார். 'புத்தரும் அவர் தம்மமும்' நூலுக்கு எழுதிய முன்னுரையில், தன் உடல்நிலை மோசமாகிப் பலமுறை கைவிடும் நிலைக்குப் போனதையும், டாக்டரான தன் மனைவியும் டாக்டர் மால்வங்கரும் பார்த்துக்கொண்டதால் பிழைத்து அந்த நூலை முடித்ததையும் சொல்கிறார். 1957இல் நூல் வந்தபோது அந்த முன்னுரை அதில் இல்லை. தலைவரின் நோயும் அவரைத் தொட்டுப் பார்த்த கைகளும் நூலுக்கு வெளியே நின்றன.

எனவே விமர்சனம் எழுதும் மாணவ நண்பர்களுக்கு நான் சொல்வது, நோய் வருகிற கதையைக் கையில் எடுத்தால் துயரத்துக்குப் போவதற்கு முன் தொடுகையைக் கணக்கெடுங்கள். சாட்சியம் எழுதும் தோழர்களுக்கும் அதேதான். டாக்டர் எங்கே உட்கார்ந்திருந்தார், சீட்டை மேசையில் போட்டாரா கையில் கொடுத்தாரா, ஊர் கேட்டபின் எந்தப் பக்கம் என்று கேட்டாரா, கட்டியை அமுக்கினாரா, உங்களுக்கு முன்னால் போனவரை என்ன செய்தார், எவ்வளவு வாங்கினார். கோபத்தை அப்புறம் எழுதலாம். தேதி போட்டு எழுதுங்கள். பயமாக இருந்தால் அந்த ஆசிரியரைப் போலப் பெயரை விட்டுவிடுங்கள், கைகளின் வரிசையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.