ஒரு வாய்க்கு ஓர் இலை

கொரிய வீடு ஒன்றில் இன்று மாட்டிறைச்சி சுடப்போகிறார்கள் என்பது அடுப்படியில் தெரியாது, குழாயடியில் தெரியும். இறைச்சி இன்னும் பொட்டலம் பிரிக்காமல் குளிர்பெட்டியில் கிடக்கும். இலைகள் மட்டும் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் அலசப்பட்டுக்கொண்டிருக்கும். முன்னும் பின்னும் புரட்டி, காம்போரத்து மண்ணைக் கட்டைவிரலால் தேய்த்தெடுத்து, ஓர் உதறு உதறிக் கூடையில் அடுக்குவார்கள். அந்த உதறலில் ஒரு கறார் உண்டு. ஈர இலையில் சுட்ட கறியை வைத்தால் எண்ணெயும் நீரும் கலந்து மணிக்கட்டில் இறங்கி முழங்கை வரை ஓடும். உள்ளே வைக்கும் கார விழுதின் சாரமும் நீர்த்துப்போகும். இலை குளிர்ந்திருக்க வேண்டும், உலர்ந்தும் இருக்க வேண்டும். விருந்தின் பாதி வேலை இதோடு முடிந்தது.

பிறகுதான் தரையில் பழைய செய்தித்தாள் விரிப்பது. தெறிக்கும் கொழுப்புக்கு அதைவிடத் தோதான விரிப்பு இல்லை. நடுவில் பியூட்டேன் குப்பி செருகிய சிறிய அடுப்பு. அதன்மேல் லேசாகச் சரிந்த கனமான தட்டு. உருகும் கொழுப்பு சரிவில் இறங்கி ஒரு துளை வழியாகக் கிண்ணத்தில் சொட்டும். ஓர் இடுக்கி, ஒரு கத்தரிக்கோல். துணி வெட்டுகிற சாமானைக் கறிக்குப் பக்கத்தில் பார்த்தால் நமக்கு முதலில் கை கூசும். இரண்டு முறை பார்த்தபின் அதன் நியாயம் புரிந்துவிடும். கத்தியென்றால் பலகை வேண்டும், பலகைக்கு இடம் வேண்டும், சாறு பலகையோடு போய்விடும். கத்தரிக்கோல் சூட்டின்மேலேயே நறுக்கி அங்கேயே விட்டுவிடுகிறது.

இறைச்சியைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. அது காசு கொடுத்து வாங்குவது. ஹன்வூ என்கிற செம்பழுப்பு நாட்டு மாட்டின் கறிக்குத்தான் மதிப்பு அதிகம். சதைக்குள் கொழுப்பு எவ்வளவு நுணுக்கமாக ஊடோடியிருக்கிறது என்று பார்த்துத் தரம் போடுகிறார்கள். உச்சத் தரத்துக்கு அடையாளம், ஒன்று என்ற எண்ணும் அதன் பின்னால் இரண்டு கூட்டல் குறிகளும். அந்தக் கூட்டல் குறிகளுக்கு வீட்டுப் பட்ஜெட்டில் கழித்தல் போட வேண்டிவரும். என் நாக்குக்கு அது கொஞ்சம் அதிகப்படி. முதல் துண்டு அமிர்தம், இரண்டாவது சுகம், நான்காவதில் திகட்டல் எட்டிப் பார்க்கும். இலை எதற்கு வந்தது என்பது அப்போது விளங்கும்.

ஆனால் சுடும் பக்குவம் ரசிக்கத் தக்கது. மிளகும் மல்லியும் போட்டு மணிக்கணக்கில் வேகவிட்டுப் பழகிய நமக்கு இங்கே நேரமே சுருங்கிவிடுகிறது. துண்டின் மேல் கசிந்திருக்கும் நீரைக் காகிதத்தால் ஒற்றியெடுப்பார்கள். மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை சூடு நூறு பாகையைத் தாண்டாது. கறி பொன்பழுப்பாகி மணம் கிளம்ப அதற்கும் மேலே நாற்பது பாகையாவது வேண்டும். ஒற்றாத துண்டு வேகும், சிவக்காது. தட்டு நன்றாகக் காய்ந்ததும் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். நோண்டக் கூடாது. மேல்பக்கத்தில் இளஞ்சிவப்பு முத்துகள் அரும்பும். அதுதான் புரட்டுவதற்கான சேதி. புரட்டுவது ஒரே முறை. மறுபக்கம் நிறம் மாறியதும் நறுக்கு, எடு. சாதோல்பாகி என்கிற நெஞ்சுப் பகுதியைக் காகிதம்போல் சீவியிருப்பார்கள். அதற்கு இந்த ஆசாரமெல்லாம் கிடையாது. தட்டில் பட்ட மாத்திரத்தில் சுருளும், சுருண்டதும் வாய்க்குப் போய்விட வேண்டும்.

ஒரு தடவைக்கு மூன்று நான்கு துண்டுக்கு மேல் போடமாட்டார்கள். தட்டு ஆறிவிடும் என்பது ஒரு காரணம். மாட்டுக் கொழுப்பு ஆறினால் மேலண்ணத்தில் மெழுகாகப் படியும் என்பது மற்றொன்று. அதனால் சுடுகிறவரும் சாப்பிடுகிறவர்தான்; சமைத்து முடித்துப் பரிமாறுவது என்ற கட்டமே இல்லை. முதல் துண்டுக்கு வெறும் உப்பு. அடுத்ததற்கு உப்புக் கரைத்த நல்லெண்ணெய் — நம்முடையதைப்போல் பச்சை எள்ளில் ஆட்டியதல்ல, எள்ளை வறுத்துப் பிழிந்தது, மணம் தூக்கலானது. சோயாவும் பேரிக்காய்ச் சாறும் ஊறிய விலாக்கறியைக் கடைசிக்கு வைப்பார்கள். அதிலுள்ள சர்க்கரை கருகித் தட்டில் பிடித்துக்கொண்டால் அடுத்து வருகிற எதுவும் கசக்கும்.

இந்தக் கூடிச் சுடும் பழக்கம் நேற்று வந்ததல்ல. உழவுக்கு மாடு வேண்டும் என்று கொரியாவை ஆண்ட ஜோசோன் அரசர்கள் மாடறுக்கத் திரும்பத் திரும்பத் தடை போட்டார்கள். திரும்பத் திரும்பப் போட வேண்டியிருந்தது என்பதிலேயே சனங்களின் நாக்கு தெரிகிறது. 1849-இல் ஹொங் சொக்-மோ தொகுத்த பருவ வழக்கங்களின் நூலில், சியோல்வாசிகள் பத்தாம் சந்திர மாதத்தில் கரியடுப்பைச் சுற்றி உட்கார்ந்து, எண்ணெய், சோயா, முட்டை, வெங்காயத்தாள், பூண்டு, மிளகாய்த்தூள் கூட்டிய மாட்டிறைச்சியைச் சுட்டுத் தின்ற செய்தி வருகிறது. சொங் ஹ்யொப் என்ற ஓவியர் அப்படி ஒரு கூட்டத்தைத் தீட்டியிருக்கிறார். படம் கொரிய தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தக் காலத்துச் சட்டி போர்வீரனின் தொப்பியைக் கவிழ்த்த வடிவம். அகன்ற விளிம்பில் கறி சுடும், நடுக்குழியில் சாறு கொதிக்கும், காய்கீரை அந்தக் குழிக்குள் போகும். விளிம்பில் வழியும் இறைச்சிச் சாறும் குழிக்கே இறங்கும். கறியையும் கீரையையும் ஒரே பாத்திரத்தில் பக்கத்துவீட்டுக்காரர்களாக்கிய அந்தக் கொல்லனுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

இப்போது அந்தப் பொறுப்பு உள்ளங்கைக்கு வந்துவிட்டது. இடக்கையில் ஒரு லெட்யூஸ் இலை, அதன்மேல் கேன்னிப் என்கிற வாசனை இலை ஒன்று. நடுவில் கறி, ஒரு துளி ஸாம்ஜாங், ஒரு பூண்டுச் சீவல், ஒரு மிளகாய் வில்லை, காரத்தில் பிசறிய வெங்காயத்தாள் நாலு இழை. ஓரங்களைக் கூட்டி மடித்தால் ஒரே வாய். வெற்றிலை மடித்துப் பழகிய கைக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம்: காம்பு கிள்ளுவது, சுண்ணாம்பை அளவாகத் தொடுவது, மடித்ததைப் பிரியாமல் கொண்டுபோவது, எல்லாம் நமக்குத் தெரிந்த வித்தை. வெற்றிலையில் சுண்ணாம்பு போல இங்கே ஸாம்ஜாங். சோயா விழுதும் மிளகாய் விழுதும் பூண்டும் நல்லெண்ணெயும் சேர்ந்த அது மிஞ்சினால் மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும். இலையின் பின்புறத்தில் கறியை வைப்பது என் கட்சி. வழவழப்பான முகம் நாக்கில் படும். நரம்போடிய முதுகு கறியை வழுக்காமல் பிடித்துக்கொள்ளும்.

கடித்து இரண்டு வாயாக்குவது மட்டும் கூடாது. யி தொக்-மு என்ற அறிஞர் 1775-இல் எழுதிய நடத்தை நூலில், கன்னம் புடைக்கும் அளவுக்குப் பெரிதாக இலையை மடித்துத் தின்னாதே என்று கண்டித்திருக்கிறார். இருநூற்றைம்பது ஆண்டு ஆகியும் ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை. பிறருக்கு மடித்து ஊட்டும்போது வேண்டுமென்றே பெரிதாக மடிப்பது அங்கே பிரியத்தின் ஒரு குறும்பு.

அந்த இலை எங்கிருந்து வருகிறது? கடையிலும் கிடைக்கும். ஆனால் சந்து வீடுகளின் மொட்டை மாடிகளைப் பாருங்கள். மீன் வந்த தெர்மாகோல் பெட்டிகளில் அடியில் துளையிட்டு மண் நிரப்பி வரிசையாக வைத்திருப்பார்கள். லெட்யூஸ் இரண்டு பெட்டி, மிளகாய் ஒரு பெட்டி. அடுக்குமாடிக்காரர்கள் ஊரோரத்தில் வாடகைக்குப் பாத்தி எடுக்கிறார்கள். சியோலில் பாத்திக்கு வழக்கமான அளவு 16.5 சதுர மீட்டர், அவர்கள் கணக்கில் ஐந்து ப்யொங். நகர வேளாண்மைக்கென்று 2011-இல் ஒரு சட்டமே போட்டிருக்கிறார்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர் ஏப்ரலில் மண்ணைக் கொத்தித் தொழுவுரம் கலந்து, உரத்தின் சூடு அடங்க இரண்டு வாரம் போல ஆறப்போட வேண்டும். ஏப்ரல் நடுவில் லெட்யூஸ் நாற்று. விதையே தூவுகிறவர் என்றால் ஒரு நுட்பம்: லெட்யூஸ் விதைக்கு வெளிச்சம் பட்டால்தான் முளைக்க மனம் வரும். ஆழப் புதைத்தால் சும்மா கிடக்கும். மண்ணைக் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் தூவினால் போதும். மிளகாயும் கேன்னிப்பும் குளிர் தாங்காதவை. மே முதல் வாரம் தாண்டிப் பனி விட்டபின்தான் அவற்றை நடுவார்கள்.

நட்ட மூன்று நான்கு வாரத்தில் முதல் பறிப்பு. செடியைப் பிடுங்குவதில்லை. அடியிலிருக்கும் முற்றிய இலையைப் பக்கவாட்டில் வளைத்தால், காம்புத் துணுக்கு ஒட்டாமல் தண்டிலிருந்து ‘டக்’கென்று விடும். வெட்டுவாயில் வெள்ளைப் பால் துளிர்க்கும், விரலில் பட்டால் பழுப்பாகக் கறை பிடிக்கும். இலேசான கசப்பு அந்தப் பாலில்தான். தூக்கம் வரும் என்று சொல்லித் தேர்வுக்கு முன்னால் பிள்ளைகளுக்கு இதைக் கொடுக்க யோசிப்பார்கள். நடுக்குருத்தை விட்டுவிட்டால் செடி மேலே ஏறிக்கொண்டே இலை கொடுக்கும். சிவப்பு வகையில் இன்னொரு அழகு: குளிர்ந்த இரவும் நல்ல வெயிலும் கிடைத்தால் ஓரச் சுருக்கங்கள் திராட்சை நிறத்தில் கறுக்கும், நிழலில் வளர்ந்தால் வெளிறும். தட்டில் வைத்த இலையைப் பார்த்தே செடி எங்கே நின்றது என்று சொல்லிவிடலாம்.

ஜூன் கடைசியில் மழைக்காலம் தொடங்கும். லெட்யூஸ் தண்டு நீட்டிப் பூவுக்குத் தயாராகும், கசப்பு ஏறும், அடியிலை அழுகும். அப்போது பந்திக்கு வருகிறது கேன்னிப். துளசிக் குடும்பத்துச் செடி, எதிரெதிராக இலை விடும். இலையில் ஒரு வாசனை. புதினாவும் சோம்பும் நினைவுக்கு வரும், ஆனால் இரண்டும் இல்லை. கொழுப்பேறிய கறியை எதிர்த்து நிற்கிற துணிச்சல் அந்த மணத்துக்கே உண்டு. லெட்யூஸ் குளிர்ச்சியைத் தருகிறது, கேன்னிப் வாதாடுகிறது.

பகல் குறுகினால் கேன்னிப் பூத்துவிடும். பூத்தபின் இலை சிறுக்கும். அதனால் மிர்யாங், கும்சான் பக்கத்துப் பசுமைக்குடில்களில் இரவில் விளக்கெரித்து, இன்னும் கோடைதான் என்று செடியை நம்பவைக்கிறார்கள். வெளியே பனிக்காலம், உள்ளே வரிசையாக விளக்குகள். கடையில் பத்திலையாகக் கட்டி விற்கும் கட்டுகள் அங்கிருந்து வருகின்றன. அதைக் குனிந்து பறிக்கிறவர்களில் கம்போடியா போன்ற நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர்கள் நிறையப் பேர். தன் பாத்தியில் குனிந்து பழகியவருக்குத்தான் ஒரு கட்டில் எத்தனை குனிவு இருக்கிறது என்பது தெரியும்.

வீட்டுப் பாத்தியில் விளக்கு கிடையாது. ஆகஸ்டில் மறுபடி லெட்யூஸ் போட்டால் இலையுதிர்காலத்தில் தடித்த, இனிப்பான இலை வரும். வசந்தத்து இலையைவிட இதுவே எனக்கு உசத்தி. கேன்னிப் பூத்துக் காய்த்து மஞ்சளாகும்போது வயதான பெண்கள் அந்தப் பழுத்த இலைகளைக் கொய்து, அடுக்கி நூலால் கட்டி, உப்புநீரில் வாரக்கணக்கில் அமிழ்த்திவைத்துப் பிறகு சோயா விழுதுக்குள் புதைப்பார்கள். ஜனவரியில் ஒரு கைப்பிடி லெட்யூஸுக்குக் கடைக்காரர் சொல்லும் விலை தலை சுற்றவைக்கும்போது சாடியைத் திறந்தால் போதும். பதப்பட்ட இலை தோல்போல் மெலிந்து, காரவாடையோடு இருக்கும். அதில் மடித்த கறிக்கு ஸாம்ஜாங் தேவைப்படாது. உப்பு இலையிலேயே ஏறியிருக்கும்.